டெஸ்ட் பகல்ல பாஸ், இரவு சேர்வரில ஃபெயில். மூண்டு தரம் ரீட்ரை (ஃபெயிலானா தானாத் திரும்ப ஓட்டிறது) போட்டா சரிவருமா?

ரீட்ரை போடாதீங்க, முதல்லயே சொல்லிட்டன். உங்கட டேட்டாவில தமிழ் இருக்கு எண்டு நினைச்சுத்தான் எழுதிறன், இல்லாட்டி தாண்டிப் போங்க.

நான் திருகோணமலையில வீட்டில இருந்து வேலை செய்யிறன். மீன் ஏத்திற லொறிக்காரர் ஒராளுக்கு ஒரு சின்ன பில் புரோகிராம், ஊர்ப்பேர் வரிசையா வரவேணும், டெஸ்ட் என்னண்டா அந்த லிஸ்ட்டை சோர்ட் பண்ணி பழைய ஃபைலோட டிஃப் (வித்தியாசம்) பார்க்கிறது, அவ்வளவுதான். நான் எஸ்எஸ்எச்சில (என்ட லப்டொப்பில இருந்து சேர்வருக்குள்ள போற வழி) போய் ஓட்டினா பாஸ், இரவு கிரொன் (குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட்டிறது) ஓட்டினா ஃபெயில், காலமை எழும்பி நான் ஓட்டினா திரும்பப் பாஸ். எனக்கு விசர் பிடிக்காத குறை.

கடைசியில பார்த்தா, எஸ்எஸ்எச்சில போகேக்க என்ட லப்டொப்பின்ட லாங் (LANG, மொழி) செட்டிங்கும் என்னோட சேர்ந்து உள்ள போகுது (உபுண்டுவில சும்மாவே அப்பிடித்தான்). கிரொனுக்கு அது இல்லை, சி லொகேல்தான் (லொகேல் எண்டா எந்த மொழி, எந்த வரிசை எண்ட செட்டிங்; 'சி' ஒரு மொழியும் இல்லாதது). அதுக்கு எழுத்துத் தெரியாது, பைட்தான் தெரியும். யூனிகோட்டில 'ன' வந்து 'ந'வுக்குப் பக்கத்தில, 'ப'வுக்கு முன்னால குந்தியிருக்கு. அப்ப கன்னியா முதல், கப்பல்துறை பிறகு. நாங்க பள்ளிக்கூடத்தில படிச்ச வரிசையில 'ன' கடைசி, கப்பல்துறைதானே முன்னுக்கு வரவேணும்!

ஸ்கிரிப்டின்ட தலையிலயே export LC_ALL=ta_LK.UTF-8 (தமிழ், இலங்கை) எண்டு எழுதினன். அந்த லொகேலை சேர்வரில ஜெனரேட் பண்ணவும் வேணும், இல்லாட்டி சோர்ட் ஒரு சத்தமும் போடாம சி லொகேலுக்கே போயிடும்.

அதுக்குப் பிறகும் ஒரு வரி ஃபெயில். தோப்பூர். டிஃப்பில ரெண்டு வரியும் அச்சொட்டா ஒண்டு. பைட்டை எண்ணினாப் பிறகுதான் விளங்கிச்சு, ஒண்டில 'தோ'வின்ட குறி ஒரே எழுத்து, 3 பைட், மற்றதில இரட்டைக்கொம்பும் (ே) அரவும் (ா) தனித்தனியா, 6 பைட். வேற கீபோர்டில அடிச்ச டேட்டா. டேட்டாவை உள்ள எடுக்கேக்கயே என்எஃப்சி (பிரிஞ்சு கிடக்கிற குறியை ஒண்டாச் சேர்க்கிற யூனிகோட் முறை) பண்ணுங்க, டெஸ்ட்டில மட்டும் பண்ணினா பிழையை மூடி மறைக்கிறீங்க.

"டேட்டாவை இங்கிலீஷில வையுங்கவன்" எண்டு யாரும் கீழ வரப்போறீங்க, தெரியும். லொறிக்காரர் தமிழில வாசிக்கிறார், டெஸ்ட் மட்டும் இங்கிலீஷில பாஸாகி எனக்கென்ன?

இதில சொல்ற விசயமில்லை, ஆனா போன கிழமை ஒரு ஒஃபீஸில யூனிகோட்டில அடிச்ச கடிதத்தைத் திருப்பித் தந்து "பாமினியில (யூனிகோட் இல்லாத பழைய தமிழ் ஃபொண்ட்) கொண்டு வாங்க" எண்டாங்க. திரும்ப அடிச்சுக் குடுத்தன், அவங்கட கொம்பியூட்டரில என்ட பேர் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வந்துது.