ஒரு சாதாரண நர்ஸ்

அன்புள்ள ஐயா,

12 வருடமாகப் பிரசவ வார்டு எனக்கு. 2021 மே மாதம் ஒருநாள் டூட்டி லிஸ்டில் என் பெயருக்கு நேரே கோவிட் ஐசியு என்று இருந்தது. அதுவரை வென்டிலேட்டரைத் தொட்டதில்லை. முதல் வாரம் அலாரம் அடித்தாலே யாரையாவது கூப்பிட ஓடுவேன். அந்தப் பயத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. இதை எழுதலாமா? கதையாகவா, அனுபவமாகவா? நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னியுங்கள்.

ஒரு சாதாரண நர்ஸ்

அன்புள்ள சிஸ்டர்,

முதலில் அந்தக் கையெழுத்தை அடியுங்கள். 12 வருடம் பிள்ளைகளைக் கையில் வாங்கியவர் என்ன சாதாரணம்? இனி இப்படி எழுதினால் பதில் போட மாட்டேன். கதையா, அனுபவமா என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை, வருகிறபடி எழுதுங்கள்.

வெட்கம் என்றீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. அதே மே மாதம் என் அப்பா ஒரு மருத்துவமனையில் 16 நாள் ஆக்சிஜனில் இருந்தார். ஆள் பற்றாக்குறையால் என்னையும் உள்ளே விட்டிருந்தார்கள். ராத்திரி ஷிஃப்டுக்கு வந்த சிஸ்டர் கண் வார்டிலிருந்து மாற்றிப் போடப்பட்டவர். முதல் நாள் ஆக்சிஜன் போகும் அளவைக் காட்டும் ஃப்ளோமீட்டரைத் திறக்கும்போது அவர் கை நடுங்கியது. அப்பா பார்த்துவிடக் கூடாதென்று முதுகைத் திருப்பிக்கொண்டு திறந்தார். நான்காம் நாள் அவருடைய கிளவுஸின் மேல் பேனாவால் '10' என்று எழுதியிருந்தது. என்னவென்று கேட்டேன். பெரிய சிலிண்டரில் 7000 லிட்டர், நிமிடத்துக்கு 15 லிட்டர் போகிறது, 10 மணிக்கு மாட்டியது ஐந்தே முக்காலுக்குத் தீரும் என்றார். ஐந்து மணிக்கே அடுத்த சிலிண்டர் கட்டிலருகே வந்துவிட்டது. யாரும் அவருக்கு அந்தக் கணக்கைச் சொல்லித்தரவில்லை.

'நர்ஸ்தானே, எங்கே போட்டாலும் பார்த்துப்பாங்க' என்ற பேச்சுதான் எனக்கு ஆகாது. கண் டாக்டர்களையும் கோவிட் வார்டுக்கு அனுப்பினார்கள். ஒரு கண் டாக்டர் 'எனக்கு வென்டிலேட்டர் தெரியாது' என்றால் நேர்மை, நீங்கள் சொன்னால் திறமைக் குறைவா? ஆளை மாற்றாமல் வேறு வழி இருக்கவில்லை, சரி. ஆனால் மூச்சு எளிதாக, குழாய் நழுவாமல் நோயாளியைக் குப்புறத் திருப்ப நாலைந்து பேர் சேர்ந்து பழக வேண்டும். வேலை தெரிந்தவர் பக்கத்தில் உங்களை இரண்டு நாள் நிற்கவிட்டிருக்கலாமே! வெட்கப்பட வேண்டியவர்கள் அந்த லிஸ்டைப் போட்டவர்கள். தெரியாததைத் தெரியாது என்று ஆள் கூப்பிட ஓடினீர்களே, அந்த ஓட்டத்தில் சிலர் பிழைத்திருப்பார்கள்.

2020ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டு என்று அறிவித்திருந்தது. மார்ச் 22 அன்று நாமெல்லாம் கை தட்டினோம். கோவிட் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த 2000க்கும் மேற்பட்ட செவிலியர்களைத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பர் 31உடன் அனுப்பிவிட்டது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்பா வீடு திரும்பினார். அந்த சிஸ்டரின் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. கவச உடையின் முதுகில் மார்க்கரால் எழுதிய பெயர்தான் தெரியும்.

கேட்டதற்கு வருகிறேன். எழுதுங்கள். எந்தச் சத்தம் எதற்கென்று முதன்முதலாக உங்கள் காதுக்குப் பிரிந்து கேட்ட ராத்திரியிலிருந்து தொடங்குங்கள். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பெயர் போட்டு.

அன்புடன்