கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் என் மகனின் வயிறு சரியாகுமா?

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறோம். மகனுக்கு 6 வயது, ஆட்டிசம். பேச்சு சில சொற்கள்தான். நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் மலம் கழிக்கிறான், அதுவும் அழுகையோடு. இடையில் ஜட்டியில் கறை படுகிறது. சாப்பிடுவது இட்லி, தயிர்ச்சாதம், வெள்ளைப் பணியாரம், ஒரே ஒரு வகை பிஸ்கட். பால் தினமும் நாலு டம்ளர். காய், பழம் தொடமாட்டான். கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்தினால் வயிறு சரியாகும், பேச்சும் வரும் என்கிறார்கள். குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) இல்லாத மாவு வாங்கி வைத்துவிட்டேன். பசும்பாலுக்குப் பதில் ஒட்டகப் பால் பவுடர் கொடுக்கவும் சொல்கிறார்கள். அவனுடைய அப்பத்தாவோ மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்தால் போதும் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: மாவுப் பாக்கெட்டை இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பையனுக்கு இருப்பது நாள்பட்ட மலச்சிக்கல் என்றுதான் தோன்றுகிறது. குழந்தை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, சில கேள்விகள் கேட்டு அதை உறுதி செய்வார். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. முதலில் தேங்கியிருப்பது வெளியே வரட்டும், பத்தியத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

ஜட்டியில் படும் கறையைப் பல வீடுகளில் வயிற்றுப்போக்கு என்று நினைத்து, மருந்தையும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். குடலின் கடைசிப் பகுதியில் மலம் இறுகி நின்றுவிட்டால், மேலிருந்து வரும் இளகிய மலம் அதன் ஓரமாகக் கசியும். ஊருணிக்குத் தண்ணீர் வரும் கால்வாயில் மண் அடைத்துக்கொண்டால் கரையோரமாக வழியுமே, அதுபோல. குழந்தைக்கு அது வருவதே தெரியாது. அதற்காக அவனைத் திட்டவே கூடாது. நாளாக ஆக குடல் விரிந்துபோய், மலம் வருகிறது என்ற உணர்வும் மங்கிவிடும். ஒருமுறை வலித்ததால் அடுத்த முறை அடக்குவான், அடக்கியதால் இன்னும் இறுகும். கால்களைப் பின்னிக்கொண்டு விறைப்பாக நிற்கும் குழந்தையைப் பார்த்து முக்குகிறான் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அவன் அடக்கிக்கொண்டிருக்கிறான்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வயிற்றுத் தொல்லைகள் மற்றவர்களைவிட அதிகம். அவற்றில் மலச்சிக்கல் மிகப் பரவலானது. உணவில் சில வகைகளை மட்டும் ஏற்பது, கழிப்பறையின் வாடையையும் சத்தத்தையும் தாங்க முடியாதது, உடம்புக்குள் எழும் உணர்வைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுவது என்று காரணங்கள் பல. சில பிள்ளைகளுக்கு எரிச்சலையும் ஆவேசத்தையும் தணிக்கக் கொடுக்கப்படும் ரிஸ்பெரிடோன் மாத்திரையும், இரும்புச்சத்து டானிக்கும்கூட மலத்தை இறுக்கலாம். உங்கள் மகன் ஏதாவது மருந்து எடுத்தால் அந்தச் சீட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

2010-ல் அமெரிக்காவில் பல துறை நிபுணர்கள் கூடி இதற்கென்றே ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். மற்றக் குழந்தைக்கு வயிறு வலித்தால் என்ன பரிசோதனை, என்ன சிகிச்சை செய்வோமோ அதையே ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. 'ஆட்டிசப் பிள்ளைகள் அப்படித்தான்' என்று சொல்லியே எத்தனையோ குழந்தைகளின் வலியை ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பேச்சு வராத பிள்ளை வலியை நடத்தையில் காட்டும். மேசை விளிம்பில் வயிற்றை அழுத்துவது, முதுகை வளைப்பது, நடு இரவில் எழுந்து அழுவது, திடீரென்று தன்னையே அடித்துக்கொள்வது இதெல்லாம் வயிற்று வலியாக இருக்கலாம்.

சிகிச்சைக்குப் பெரும்பாலும் பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பொடி, அல்லது லாக்டுலோஸ் சிரப் எழுதித் தருவார்கள். முதல் சில நாள் கூடுதல் அளவு கொடுத்துத் தேங்கியதை வெளியேற்றுவார்கள். பிறகு குறைந்த அளவு, தினமும், குறைந்தது இரண்டு மாதம். பல குழந்தைகளுக்கு அதைவிட நீளும். நாலு நாள் நன்றாகப் போனதும் 'சரியாகிவிட்டது' என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள், பத்தாம் நாள் மறுபடி பழைய கதை. குடல் பழகிவிடும், சோம்பேறியாகிவிடும் என்ற பயம் இந்த மருந்துகளுக்குப் பொருந்தாது. இன்னொன்று, மருந்தை அவன் நம்பிச் சாப்பிடும் தயிர்ச்சாதத்தில் ஒளித்துக் கலக்காதீர்கள். ருசி மாறியதைக் கண்டுபிடித்தால் தயிர்ச்சாதத்தையும் விட்டுவிடுவான். தனி டம்ளரில், தினமும் ஒரே நேரத்தில், அவனுக்குத் தெரிந்தே கொடுங்கள்.

அப்பத்தாவின் அக்கறை எனக்குப் புரிகிறது. அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் அதுதான் வழக்கம். ஆனால் பிடித்து அமுக்கி வாயில் எண்ணெய் ஊற்றும்போது குழந்தை திமிறினால், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் வரும் நிமோனியா ஆபத்தானது. தவிர, மாதம் ஒரு நாள் பேதியாவதால் விரிந்த குடல் சுருங்காது. அவரிடம் வேறொரு பொறுப்பைக் கொடுங்கள். காலைச் சாப்பாடு முடிந்து கால் மணி நேரத்துக்குள் பையனைக் கழிப்பறையில் உட்கார வைத்து, ஐந்து நிமிடம் கூட இருக்கட்டும். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானே அசையும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மலம் வராவிட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள். பள்ளி வேன் சீக்கிரம் வருகிறது என்றால் அரை மணி முன்னால் எழுப்புங்கள்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் கழிப்பறை கடைசிக் கட்டையும் தாண்டிக் கொல்லையில் இருக்கும். இருட்டு, எதிரொலி, ஈரத்தரை. இந்தக் குழந்தைகளில் பலர் பயந்து அடக்குவது அதனால்தான். நல்ல வெளிச்சம் போடுங்கள், தண்ணீர் வாளியில் சத்தமாக விழாமல் பாருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் அந்தரத்தில் தொங்கக் கூடாது. முட்டி இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி காலடியில் ஒரு மணை போடுங்கள்.

இப்போது பாலுக்கு வருகிறேன். நாலு டம்ளர் என்பது சுமார் 800 மி.லி. இவ்வளவு குடித்தால் பசியே எடுக்காது, இரும்புச்சத்தும் குறையும். 400 மி.லி.க்குக் கொண்டுவாருங்கள், இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாக. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் சொன்ன கணக்குப்படி அவன் வயதுக்கு ஒரு நாளைக்கு 550 மி.கி. கால்சியம் போதும். இரண்டு டம்ளர் பாலும் தயிரும் அதைக் கொடுத்துவிடும். சுவர்ச் சுண்ணாம்பையோ மண்ணையோ சுரண்டித் தின்கிறான் என்றால் இரும்புச்சத்துக்கும் ஈயத்துக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

பாலை அடியோடு நிறுத்தினால்? தட்டில் மிஞ்சுவது இட்லியும் பணியாரமும்தான். கேசின் என்ற பால் புரதம் இல்லாத பத்தியத்தில் இருந்த ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் எலும்பு மெலிந்திருந்ததை 2008-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஒட்டகப் பாலிலும் ஆட்டுப் பாலிலும் அதே கேசின் புரதம் இருக்கிறது, ஆகவே அது பால் நிறுத்திய கணக்கிலேயே வராது. தேங்காய்ப் பாலில் கால்சியம் மிகக் குறைவு.

கோதுமை விஷயம் இன்னும் எளிது. நம் அடுப்படி ஏற்கெனவே அரிசியும் உளுந்தும்தான். இட்லி, பணியாரம், கந்தரப்பம், கும்மாயம் எதிலும் குளூட்டன் கிடையாது. ரெங்கூன் புட்டில் ரவை இருக்கிறது, சேமியாவிலும் பரோட்டாவிலும் இருக்கிறது, கடைப் பெருங்காயத்தில்கூட மைதா கலந்திருக்கும். ஆனால் உங்கள் மகன் சாப்பிடுவதில் கோதுமை இருப்பது அந்த ஒரு பிஸ்கட்டில் மட்டுமே. அதற்காக விலை கூடிய மாவு எதற்கு?

இந்தப் பத்தியம் பேச்சைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் நிற்கவில்லை. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள 14 குழந்தைகளைக் கடுமையான பத்தியத்தில் வைத்து, பெற்றோருக்கும் தெரியாமல் இடையிடையே குளூட்டனும் கேசினும் கொடுத்துப் பார்த்தார்கள். நடத்தை, தூக்கம், மலம் எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் கவனமாகச் செய்தது. பத்தியத்தால் பிள்ளை தெளிந்தான் என்று சொல்லும் பெற்றோர் பொய் சொல்வதில்லை. வயிற்று வலி குறைந்த பிள்ளை நன்றாகத் தூங்கும், கவனிக்கும், அடம் குறையும். அந்த நன்மையை உங்கள் மகனுக்கு மலச்சிக்கல் சிகிச்சையே தந்துவிடலாம்.

விதிவிலக்குகள் உண்டு. முறையாக மருந்து கொடுத்தும் மலச்சிக்கல் தீரவில்லை என்றால் 2 முதல் 4 வாரம் மட்டும் பாலை நிறுத்திப் பார்ப்பது மருத்துவ வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அந்த வாரங்களில் வேறு எதையும் மாற்றாதீர்கள், மலம் போன நாளையும் அதன் தன்மையையும் தினமும் குறித்து வையுங்கள், மாற்றம் இல்லையென்றால் பாலை மறுபடி தொடங்குங்கள். வளர்ச்சி குன்றியிருந்தால் சீலியாக் நோய்க்கு (குளூட்டன் சாப்பிட்டால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனை செய்யலாம். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும், நிறுத்திவிட்டால் முடிவு தவறிப்போகும்.

நார்ச்சத்தைத் தேக்கம் நீங்கிய பிறகே கூட்டுங்கள், முன்னால் கூட்டினால் வயிறு இன்னும் உப்பும். வயதோடு 5-ஐக் கூட்டினால் வருவது இலக்கு, அவனுக்கு ஒரு நாளைக்கு 11 கிராம். அவன் நம்புவது வெள்ளை நிறத்தை, ஆகவே வெள்ளைக்குள்ளேயே தேடுங்கள். வெள்ளைக் கொய்யா 100 கிராமில் சுமார் 5 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. வாழைத்தண்டு, வெள்ளைக் கொண்டைக்கடலை, தேங்காய்த் துருவல், நுங்கு எல்லாம் வெள்ளைதான். கவுனி அரிசி நல்லது என்று முதல் நாளே பணியார மாவில் கலந்துவிடாதீர்கள், அந்தக் கரு ஊதா நிறத்தைப் பார்த்தால் பணியாரத்தையே ஒதுக்குவான். அவன் தட்டுக்குப் பக்கத்தில் வேறு கிண்ணத்தில் கொய்யாத் துண்டு ஒன்று இருக்கட்டும். முதலில் பார்ப்பான், அப்புறம் தொடுவான், முகர்வான், நக்குவான். வாயில் போட வாரங்கள் ஆகும். வற்புறுத்தாமல் தினமும் வைத்துக்கொண்டே இருங்கள்.

மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, வயிறு வீங்கிக் கல்போல் இருப்பது, எடை குறைவது, காய்ச்சலோடு வயிற்று வலி, இவற்றில் ஏதாவது தெரிந்தால் இந்த யோசனைகளை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு அன்றைக்கே சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ, உங்களுக்குப் பக்கத்தில் உள்ள குழந்தை மருத்துவரிடமோ கொண்டுபோங்கள்.