பி.ஐ.ஏ. கேள்வி-பதில்: கட்டணம் கட்டுபவருக்கு வாக்கு உண்டா?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பி.ஐ.ஏ. பற்றியவை. Business Improvement Area, அதாவது கடைத்தெருவை மேம்படுத்த வியாபாரச் சொத்துகளிடம் கட்டணம் எடுக்கும் பகுதி. நான் சொல்வது ஒன்ராறியோவின் 2001 மாநகரசபைச் சட்டப்படி. ரொறொன்ரோவுக்குத் தனி விதி இருப்பதால், அங்குள்ளவர்கள் எண்களை நகரசபையில் ஒருமுறை சரிபாருங்கள்.

பி.ஐ.ஏ. என்பது கடைக்காரர் சங்கம்தானே? விலகிக்கொள்ளலாமா?

சங்கம் இல்லை. நகரசபை துணைச்சட்டம் போட்டு உண்டாக்கும் வாரியம். கட்டணம் சொத்துவரியோடு சேர்ந்தே வரும், தனியாக விலக வழியில்லை. 1970இல் ரொறொன்ரோவின் புளோர் வெஸ்ட் வில்லேஜில் முதல் பி.ஐ.ஏ. வந்ததே இதற்காகத்தான். சுரங்க ரயிலும் பெரிய மால்களும் தெருவின் வியாபாரத்தை இழுத்துக்கொண்டபோது, எல்லோரும் பங்கு போட்டால்தான் தெரு பிழைக்கும் என்று அங்குள்ள வியாபாரிகள் கண்டார்கள்.

வாரியத்தின் இயக்குநர்களை அதன் தலைவரே தெரிவு செய்கிறாரா?

இல்லை. உறுப்பினர் வாக்களித்துத் தெரிவு செய்வார்கள், நகரசபை நியமிக்கும். ஒருவரை நியமிக்க நகரசபை மறுக்கவும் முடியும். பதவிக்காலம் நகரசபையோடு முடியும், அதாவது 4 வருடம். தன் பிள்ளையின் கம்பனிக்கு வேலை கொடுக்கும் பேச்சு வந்தால், இயக்குநர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விவாதத்திலும் வாக்கிலும் கலக்காமல் இருக்கவேண்டும்.

எனக்கு மூன்று கட்டடம். மூன்று வாக்கா?

ஒன்றுதான். கம்பனியின் பெயரில் இருந்தால், வாக்களிக்கும் ஒருவரை எழுத்தில் குறிப்பிடுங்கள்.

மாதாமாதம் பி.ஐ.ஏ. காசு கட்டுகிறேன். ஆனால் கடை வாடகைக்கு. வாக்கு சொந்தக்காரருக்கு மட்டும்தான் என்கிறார்கள்.

யார் சொன்னாலும் தவறு. பகுதிக்குள் வியாபாரக் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவரும் உறுப்பினர்தான். உங்கள் வாக்கும் கட்டடச் சொந்தக்காரரின் வாக்கும் ஒரே எடை.

இதை வருடக்கணக்காக எழுதி வருகிறேன், இன்னும் அதே கடிதம் வருகிறது. போன வசந்தத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் தன் லீஸைக் கொண்டுவந்தார். நாற்பது பக்கம் இருக்கும். ‘மேலதிக வாடகை’ என்ற பந்தியில், காப்புறுதிக்கும் குப்பைக்கும் நடுவே, பி.ஐ.ஏ. கட்டணம் ஒரே ஒரு வரியாக ஒளிந்திருந்தது. ஆறு வருடமாகக் கட்டியிருக்கிறார். பகுதியை விரிக்கப்போவதாக நகரசபை அனுப்பிய அறிவித்தல் கட்டடச் சொந்தக்காரரின் மேசையிலேயே கிடந்திருக்கிறது. இவருக்கு ஆட்சேபிக்க இருந்த 60 நாளும் போய்விட்டது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. பி.ஐ.ஏ. தொடங்கவோ எல்லையை மாற்றவோ அறிவித்தல் வந்தால், வரியில் பங்கு கட்டும் வாடகைக்காரர் ஒவ்வொருவருக்கும் சொந்தக்காரர் 30 நாளுக்குள் பிரதி கொடுக்கவேண்டும். நகரசபை எழுத்தருக்கு அவர்களின் பட்டியலையும் கொடுக்கவேண்டும். கொடுக்காத சொந்தக்காரர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் லீஸை வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டு என்னிடம் கேட்பவர்கள் மேலும் உண்டு. லீஸை எடுத்து வாசியுங்கள். பி.ஐ.ஏ. அலுவலகத்துக்கு எழுதி, உறுப்பினர் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். பத்துப் பதினைந்து பேர் வரும் கூட்டத்தில்தான் பல இடங்களில் பட்ஜெட் பேசப்படுகிறது. அங்கே நான்கு கடைக்காரர் சேர்ந்து போனால் முடிவே மாறும்.

எனக்கு 2,000 டொலர், பக்கத்துக் கடைக்குக் குறைவு. ஏன்?

சொத்து மதிப்பையும் எழுதவில்லை, பில்லின் பிரதியையும் இணைக்கவில்லை. எப்படிச் சொல்வது? பொதுவாக, பட்ஜெட் 2 லட்சம் டொலராக இருந்து, பகுதியின் வியாபாரச் சொத்து மதிப்பில் உங்களுடையது நூற்றில் ஒரு பங்கு என்றால் 2,000 வரும். சில இடங்களில் குறைந்தபட்சமும் உச்சவரம்பும் வைத்திருப்பார்கள்.

வாரியம் கடன் வாங்கலாமா?

முடியாது. பட்ஜெட்டில் இல்லாத செலவும் கூடாது. அந்த வருடத்தைத் தாண்டும் கடப்பாடு என்றால் நகரசபை அனுமதி வேண்டும். வாரியம் கொடுக்கும் பட்ஜெட்டை நகரசபை குறைக்கலாம், கூட்ட முடியாது.

பி.ஐ.ஏ.வைக் கலைத்துவிட வழி உண்டா?

உண்டு, கடினம். பகுதியின் வியாபாரச் சொத்துவரியில் மூன்றில் ஒரு பங்குக்குப் பொறுப்பானவர்கள் கையெழுத்திட்டால் நகரசபை எல்லோருக்கும் அறிவிக்கவேண்டும். பிறகு 60 நாளுக்குள், அறிவித்தல் பெற உரியவர்களில் பாதிப் பேர், வரியிலும் பாதிக்குப் பொறுப்பானவர்களாக இருந்து, கலைக்கச் சொல்லவேண்டும். இங்கேயும் வாடகைக்காரர் கணக்கில் உண்டு, லீஸில் வரிப் பங்கு இருந்தால். லீஸை வாசியுங்கள்.

கடை வாசலில் நடைபாதை உடைந்து கிடக்கிறது. பி.ஐ.ஏ. ஏன் திருத்தவில்லை?

அது நகரசபையின் வேலை. பி.ஐ.ஏ. பணம் அதற்கு மேலான பூந்தொட்டி, உட்காரும் வாங்கு, அலங்கார விளக்கு, விளம்பரம் போன்றவற்றுக்கு. ரொறொன்ரோ என்றால் 311க்கு அழையுங்கள்.