கிளாக்கோமா மூளையையும் பாதிக்குமா?

கேள்வி: எனக்கு வயது 58. கிளாக்கோமாவுக்காக மூன்று ஆண்டுகளாக டிமோலால் சொட்டு மருந்து விட்டு வருகிறேன். கண் அழுத்தம் இப்போது 15 மில்லிமீட்டர் (பாதரச அளவு) என்கிறார்கள். ஆனாலும் கடைசியாகச் செய்த பார்வைப் புலப் பரிசோதனையில் இடது கண்ணில் இழப்பு சற்றுக் கூடியிருப்பதாகத் தெரிகிறது. எனக்கோ பார்வையில் எந்தக் குறையும் தெரியவில்லை. கிளாக்கோமா உண்மையில் ஒரு மூளை நோய் என்றும், அதனால் மூளையின் செயல்பாடே மாறிவிடும் என்றும் படித்தேன். சில மாதங்களாகக் களைப்பும் மறதியும் வேறு இருக்கின்றன. மூளை ஸ்கேன் எடுக்க வேண்டுமா? பிற்காலத்தில் மறதி நோய் வருமா?

பதில்: பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அழிக்கும் கிளாக்கோமா கண்ணில் தொடங்கும் நோய், ஆனால் கண்ணோடு முடிந்துவிடுவதில்லை. அதனால் மூளையில் மாற்றங்கள் ஏற்படுகின்றன என்று நீங்கள் படித்தது சரிதான். அதை வைத்து உங்களுக்கு மூளையில் இன்னொரு நோய் இருப்பதாக நினைப்பதுதான் சரியன்று.

விழித்திரையின் உட்பகுதியில் கேங்கிலியான் செல்கள் என்னும் நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொரு கண்ணிலும் ஏறக்குறைய 10 லட்சம். இவற்றின் நீண்ட இழைகள் ஒன்றுசேர்ந்துதான் பார்வை நரம்பாகின்றன. கருவளர்ச்சியின்போது விழித்திரையும் பார்வை நரம்பும் மூளையிலிருந்தே முளைத்து வருவதால், அவற்றை மூளையின் நீட்சி என்று சொல்வது வெறும் உவமை அன்று. ஒருமுறை அழிந்த பார்வை நரம்பு இழை மீண்டும் வளராததற்கு இதுவும் ஒரு காரணம். இழைகள் மூளையின் நடுப்பகுதியில் உள்ள தலாமஸில், ஆறு அடுக்குகளாக அமைந்த ஓர் இடைநிலையத்தில் முடிகின்றன. அங்கிருந்து வேறு நரம்பணுக்கள் செய்தியைப் பின்மண்டையில் உள்ள பார்வைப் புறணிக்கு, அதாவது பார்வையைக் கையாளும் மூளை மேற்பரப்புக்கு, கொண்டு செல்கின்றன.

கிளாக்கோமாவில் இழைகள் முதலில் நசுங்குவது, பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில்தான். கண்ணிலிருந்து வரும் செய்தி நின்றுபோனால், அதைப் பெற்றுவந்த அடுத்த நரம்பணுவும் நாளடைவில் சுருங்குகிறது. குரங்குகளில் கண் அழுத்தத்தை உயர்த்திச் செய்த ஆய்வுகளில் தலாமஸின் அந்த அடுக்குகள் மெலிந்திருந்தன. மனிதர்களில் இறப்புக்குப் பின் செய்த ஆய்விலும் பார்வை நரம்பு முதல் பார்வைப் புறணி வரை சிதைவு காணப்பட்டது. உயிரோடு இருப்பவர்களில் மூளையின் செயல்பாட்டை அளக்க, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதைப் படம்பிடிக்கும் ஒருவகை எம்.ஆர்.ஐ. பயன்படுகிறது. பார்வைப் புலத்தில் எந்தப் பகுதி பறிபோயிருக்கிறதோ, புறணியில் அதற்குரிய பகுதியின் துலங்கலும் குறைந்திருப்பதை அது காட்டியது. நரம்பணுக்களின் பரபரப்பைக் கட்டுக்குள் வைக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் அளவு, கிளாக்கோமா முற்றியவர்களின் பார்வைப் புறணியில் குறைவாக இருந்ததாகவும் ஆய்வு உண்டு. ஆனால் இவை பலரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த சராசரிகள். தனி ஒருவரின் நோய் எந்த நிலையில் உள்ளது என்பதை இந்தப் படங்களைக் கொண்டு யாரும் இன்று தீர்மானிப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் நிறுத்தியது, 'எந்தக் குறையும் தெரியவில்லை' என்ற வரிதான். ஆரோக்கியமான ஒவ்வொரு கண்ணிலும், பார்வை நரம்பு வெளியேறும் இடத்துக்கு நேராக ஒரு குருட்டுப்புள்ளி இருக்கிறது. பிறந்தது முதல் அது இருந்தும் நாம் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. ஏனெனில், சுற்றியுள்ள நிறத்தையும் கோடுகளையும் கொண்டு மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. போதாததற்கு மற்றக் கண்ணின் பார்வையும் அதை மூடிவிடுகிறது. கிளாக்கோமாவால் உண்டாகும் இழப்பையும் மூளை இப்படியே மறைக்கிறது. அதனால்தான் நோயாளிகள் பலரும் கருப்பு வட்டத்தைப் பற்றிச் சொல்வதே இல்லை. 'மங்கலாக இருக்கிறது', 'பக்கத்தில் இருந்தவர் திடீரென்று முளைத்தது போலத் தோன்றியது' என்றுதான் சொல்கிறார்கள். விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் ஓரமெல்லாம் கறுத்துச் சுரங்கம்போல் காட்டும் படம் இந்த வகையில் தீங்கு செய்வதாகவே நான் கருதுகிறேன். அதைப் பார்த்தவர், தமக்கு அப்படித் தெரியவில்லை என்பதாலேயே நோய் முற்றவில்லை என்று நம்பிவிடுகிறார். மூளையின் செயல்பாட்டில் நோயாளி கவலைப்பட வேண்டிய பகுதி எதுவென்று என்னைக் கேட்டால், இந்த மறைப்பு வேலையைத்தான் சொல்வேன். உங்கள் பார்வை நன்றாக இருப்பதாக நீங்கள் உணர்வதைப் பரிசோதனை முடிவுக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதே வேளையில், ஒரே ஒரு பரிசோதனையை வைத்து நோய் கூடிவிட்டது என்று முடிவு செய்வதும் அவசரம். பார்வைப் புலப் பரிசோதனையில் மங்கலான ஒளிப்புள்ளியைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டியிருப்பதால், அது கண்ணை மட்டுமல்லாமல் கவனத்தையும் சோதிக்கிறது. களைத்திருப்பவருக்கு முடிவு மோசமாக வருவது இயல்பு. நன்றாக ஓய்வெடுத்த ஒருநாளில் மீண்டும் செய்து, நரம்பிழை அடுக்கின் தடிமனைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இழப்பு உறுதியானால், 15 என்பது உங்கள் நரம்புக்குப் போதவில்லை என்று பொருள். 10 முதல் 21 வரை இயல்பு என்பது மக்கள்தொகையின் கணக்கு. தனியொரு நரம்பு தாங்கும் அளவு அன்று. மேலும், மருத்துவமனையில் அளப்பது பகலின் ஒரு கணத்தை மட்டுமே. டிமோலால் இரவில் அழுத்தத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. ஒரு முக்கியமான நீண்டகால ஆய்வில், அழுத்தம் ஒவ்வொரு மில்லிமீட்டர் குறைந்தபோதும் நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்தது. மூளைவரை செல்லும் சேதத்தைத் தடுப்பதற்கும் இன்று நம் கையில் உள்ள உறுதியான வழி, கண் அழுத்தத்தை இன்னும் இறக்குவதுதான்.

வழக்கமான கிளாக்கோமாவுக்கு மூளை ஸ்கேன் தேவையில்லை. சில அடையாளங்கள் இருந்தால் மட்டும் அது கட்டாயம். கிளாக்கோமாவின் இழப்பு பெரும்பாலும் கிடைக்கோட்டை ஒட்டி, மேல்பாதியிலோ கீழ்பாதியிலோ வரும். மூளையில் கட்டியோ பக்கவாதமோ இருந்தால், இழப்பு இரு கண்களிலும் செங்குத்துக் கோட்டில் வெட்டினாற்போல நிற்கும். கிளாக்கோமாவில் பார்வை நரம்பின் முகப்பில் உள்ள குழி ஆழமாகும்; அப்படி ஆழமாகாமலேயே நரம்பு வெளிறிப்போவது, நிறங்கள் மங்குவது, நேர்ப்பார்வை விரைவாகக் குறைவது, புதிய தலைவலி சேர்வது ஆகியவையும் ஸ்கேன் எடுக்கக் காரணங்கள். உங்கள் புல வரைபடத்தை மருத்துவரிடம் காட்டி, இழப்பு எந்தக் கோட்டை ஒட்டி இருக்கிறது என்று கேளுங்கள்.

மறதி நோயைப் பொறுத்தவரை, கிளாக்கோமா உள்ளவர்களிடம் அது சற்று அதிகம் என்று சில ஆய்வுகளும், தொடர்பே இல்லை என்று வேறு சில ஆய்வுகளும் சொல்கின்றன. இரண்டுமே வயதோடு கூடும் நோய்கள் என்பதால் சேர்ந்து காணப்படுவது வியப்பன்று. நினைவாற்றல் சோதனைகளில் படம் பார்ப்பதும் எழுத்தைப் படிப்பதும் இருப்பதால், பார்வை குறைந்தவர் தவறாகக் குறைந்த மதிப்பெண் பெறவும் கூடும். கிளாக்கோமா இருப்பதாலேயே மறதி நோய் வரும் என்று அஞ்ச இடமில்லை.

மூளைப் பயிற்சிச் செயலிகளால் இழந்த புலம் திரும்பாது. நரம்பணுக்களைக் காக்கக்கூடும் என்று கருதப்படும் சிட்டிகோலின், நிகோடினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) ஆகியவற்றின் மீது ஆய்வுகள் நடக்கின்றன. சொட்டு மருந்துக்கு மாற்றாக இவற்றை எடுக்கும் நிலை வரவில்லை. நிகோடினமைடு அதிக அளவில் கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால், அதை நீங்களாக வாங்கி விழுங்கவும் கூடாது.

களைப்புக்கும் மறதிக்கும் நான் முதலில் சந்தேகிப்பது மூளையை அன்று, உங்கள் மருந்துப் புட்டியை. டிமோலால், இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடிய பீட்டா தடுப்பான் வகையைச் சேர்ந்தது. கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, கல்லீரலைக் கடக்காமல் நேராக இரத்தத்தில் கலக்கிறது. அதனால் சிலருக்கு நாடித்துடிப்பு குறைவதும், சோர்வும், மனத்தளர்ச்சியும், சிந்தனை மந்தமாவதும் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆபத்து. ஆனாலும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் இரத்தத்தில் கலப்பது வெகுவாகக் குறையும். அடுத்த சந்திப்பில் நாடித்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு, இரத்தசோகை, உறக்கத்தில் மூச்சுத்திணறல் ஆகியவை உள்ளனவா என்று பொது மருத்துவரும் பார்க்கட்டும். புரோஸ்டாகிளாண்டின் வகைச் சொட்டுக்கோ லேசர் சிகிச்சைக்கோ மாற முடியுமா என்றும் கண் மருத்துவரிடம் கேளுங்கள். அவை இரண்டும் இரவிலும் அழுத்தத்தைக் குறைக்கக்கூடியவை. மாறினால், சில வாரங்களில் அழுத்தத்தை மீண்டும் அளந்து, அதற்குப் பிறகே புலப் பரிசோதனையைத் திரும்பச் செய்வது நல்லது.