கொலோசியத்தில் தேர் ஓடியதா?

கேள்வி: ரோமானியத் தேர்ப்பந்தயம் கொலோசியத்தில்தானே நடந்தது?

பதில்: இல்லை. கி.பி. 80-இல் திறக்கப்பட்ட கொலோசியம் வாள்வீரர் மோதலுக்கும் விலங்கு வேட்டைக்குமான நீள்வட்ட அரங்கம். களம் சுமார் 83க்கு 48 மீட்டர்தான். நான்கு குதிரைத் தேர் வேகம் பிடிப்பதற்குள் சுவர் வந்துவிடும். களத்தில் மணல் பரப்பியிருப்பார்கள். அரங்கைக் குறிக்கும் ‘அரீனா’ என்ற சொல்லே மணலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

தேருக்கென்று தனியாக ‘சர்க்கஸ்’ திடல் இருந்தது. ரோமில் இருந்த சர்க்கஸ் மாக்சிமஸ் என்ற திடலின் நீளம் சுமார் 600 மீட்டர். நடுத்தடுப்பைச் சுற்றி 7 சுற்று ஓட வேண்டும். தடுப்பின் முனைத்தூணை ஒட்டி வளைத்தால் தூரம் மிச்சம். கொஞ்சம் பிசகினால் சக்கரம் மோதித் தேர் நொறுங்கும். தேரோட்டி கடிவாள வாரை இடுப்பில் சுற்றியிருப்பதால், விழுந்தவரைக் குதிரைகள் இழுத்துக்கொண்டே ஓடும். வாரை அறுக்கத்தான் இடுப்பில் கத்தி.

நாடகத்துக்கு அரைவட்டத் தியேட்டர்.