ஹிப்னாடிசத்தால் வலி குறையும் என்பது உண்மையா? தியானமும் அதுவும் ஒன்றுதானா?

போன வருடம் எனக்கு ரூட் கேனால் செய்தார்கள். ஊசி போட்டு வாய் மரத்துவிட்டது, வலி துளிகூட இல்லை. ஆனாலும் டிரில் சத்தம் கேட்டதும் உடம்பு விறைத்து, நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் விரல் கணுவெல்லாம் வெளுத்துவிட்டது. வலியே இல்லாமல் இத்தனை அவஸ்தையா என்று தேடப் போய்த்தான் இதையெல்லாம் படித்தேன்.

ஹிப்னாடிசத்தால் வலி குறையும், உண்மைதான். 1997-இல் மாண்ட்ரியலில் பியர் ரெயின்வில் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர், ஹிப்னாசிஸில், அதாவது ஹிப்னாடிச நிலையில் இருந்தவர்களின் கையை 47 டிகிரி வெந்நீரில் வைத்துப் பார்த்தார்கள். வலி எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, அது படுத்தும் பாட்டை மட்டும் கூட்டவும் குறைக்கவும் வார்த்தையாலேயே முடிந்தது. ஸ்கேனில் அதற்கேற்ப ஏறி இறங்கியது மூளையின் ஆன்டீரியர் சிங்குலேட் பகுதி. தொடு உணர்வைப் பதியும் முதன்மைப் பகுதி அப்படி மாறவில்லை. என் நாற்காலிக் கதையில் வலி இல்லை, பாடு மட்டும்தான்!

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எர்னஸ்ட் ஹில்கார்ட் கண்டது இன்னும் விசித்திரம். ஹிப்னாசிஸில் ஐஸ் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு வலிக்கவில்லை என்று சொன்னவர்களில் சிலரிடம், 'உள்ளே இருக்கும் இன்னொரு பகுதி' என்ன சொல்கிறது என்று கேட்டால், வலிக்கிறது என்று பதில் வந்தது. மனம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது என்றார் அவர். கேட்கிற விதத்துக்குத் தகுந்த பதில்தான் வருகிறது என்று மறுத்தார் இன்னொரு உளவியலாளர் நிக்கோலஸ் ஸ்பானோஸ். எனக்கு ஸ்பானோஸ் சொல்வதுதான் சரியென்று படுகிறது.

அப்புறம், ஹிப்னாசிஸ் எல்லாருக்கும் ஒரே மாதிரி பிடிபடாது. யாருக்கு எவ்வளவு பிடிபடும் என்று அளக்கும் ஸ்டான்ஃபோர்டு அளவுகோலில், அங்கே இல்லாத ஒரு கொசு ரீங்காரமிடுவதாகச் சொல்லிப் பார்ப்பார்கள். சிலர் கையை உதறி விரட்டுவார்கள், சிலர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

தியானம், அதாவது மைண்ட்ஃபுல்னஸ், வேறு வழி. ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய பயிற்சிக்கு நாள்பட்ட வலிக்காரர்கள் பலர் வந்தார்கள். அங்கே வலியை மாற்றிக் கற்பனை செய்யச் சொல்வதில்லை. இருப்பதை இருக்கிறபடியே கவனிக்கச் சொல்வார்கள்.

இரண்டாவது சிட்டிங்கில் அதைத்தான் செய்து பார்த்தேன். டிரில் அதிர்வு தாடையில் எதுவரை போகிறது, எங்கே நிற்கிறது என்று பின்தொடர்ந்தேன். டாக்டர் வாய் கொப்பளிக்கச் சொன்னபோதுதான் கவனித்தேன், கை இரண்டும் மடியில் கிடந்தன.