ஜாக் ஏன் இரண்டாம் முறை ஏறிப் பார்க்கவில்லை?

‘டைட்டானிக் படத்தின் கடைசியில் ரோஸ் படுத்திருக்கும் கதவில் இன்னொருவருக்கும் இடம் இருக்கிறது. ஜாக்கும் ஏறியிருந்தால் பிழைத்திருப்பான். இது இயக்குநரின் பிழைதானே?’ என்பது கேள்வி.

இடம் இருக்கிறது. அதை மறுத்து யாரும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அந்தப் பலகையின் அளவுக்குத் தரையில் கோடு போட்டு, இரண்டு பேர் அருகருகே படுத்தும், எதிரெதிரே உட்கார்ந்து சீட்டாடியும் படம் எடுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் படுத்தது தரையில். தரை முழுகாது.

அந்தக் காட்சியை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். ஜாக் பலகையைக் கண்டுபிடித்து ரோஸை ஏற்றுகிறான். பிறகு அவனும் ஏறப் பார்க்கிறான். பலகை அப்படியே சாய்ந்து அவளையும் நீருக்குள் இழுக்கிறது. அவன் விட்டுவிடுகிறான். சில நொடிகளில் முடிந்துவிடுகிற இந்த இடத்தை, அழுகைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் பார்வையாளர்கள் பலரும் கவனிப்பதில்லை. ‘ஏன் ஏறவில்லை’ என்ற கேள்விக்குப் படத்திலேயே பதில் இருக்கிறது: ஏறினான், மிதக்கவில்லை.

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். எங்கள் ஊரில் குலை தள்ளி வெட்டிய வாழைமரத்தைக் கிணற்றில் போட்டுவிடுவார்கள். பழகுகிற பிள்ளை அதன்மேல் நெஞ்சைச் சாய்த்துக் காலை உதைத்தால் போதும், மரம் தாங்கும். நான் ஒருபக்கம் சாய்ந்திருக்கும்போது என் அண்ணன் மறுபக்கம் கையூன்றி ஏறுவான். வழுவழுப்பான அந்தத் தண்டு ஒரே புரளில் உருண்டு இருவரையும் உள்ளே தள்ளும். மேலே வந்து இருமி முடித்தால் பாவாடை முழுக்க வாழைக்கறை, வீட்டில் அதற்கு வேறு திட்டு. இருவர் கைநீட்டிப் பிடிக்கப் போதிய நீளம் அந்த மரத்துக்கு எப்போதும் இருந்தது.

கணக்காகவே பார்த்துவிடுவோம். படப்பிடிப்பில் பயன்பட்ட பலகை 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. 7,18,750 டாலருக்குப் போனது. நீளம் ஏறக்குறைய 8 அடி, அகலம் 41 அங்குலம் என்று ஏலக் குறிப்பு சொன்னது. கனத்தை 2 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு சுமார் 130 லிட்டர். முழுவதும் அமிழ்ந்தால் 130 கிலோவுக்குச் சற்று அதிகமான கடல்நீரை அது விலக்கும். ஓக் மரமாக இருந்தால் அதன் சொந்த எடையே 90 கிலோ வரும். மிச்சம் நாற்பது கிலோ சொச்சம். நனைந்த கோட்டும் உடையுமாக ஏறிய ரோஸ் ஒருத்திக்கே அது போதாது. பலகை நீர்மட்டத்துக்கு இறங்கி அவள் முதுகை நனைத்திருக்க வேண்டும். படத்தில் அது அவ்வளவு அழகாக மிதப்பதற்குக் காரணம், படப்பிடிப்புக்குச் செய்த பலகை ஓக் அல்ல, எடையே இல்லாத பால்சா மரம். (அந்தக் காட்சியே தொட்டியில் எடுக்கப்பட்டது. நடிகர்கள் வாயிலிருந்து வரும் குளிர் ஆவியைக் கணினியில் சேர்த்தார்கள்.)

ஏன் ஓக் என்று எடுத்துக்கொண்டேன் என்றால், அந்தப் பலகைக்கு ஓர் அசல் உண்டு. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில், உண்மையான டைட்டானிக்கின் முதல் வகுப்புக் கூடத்தைச் சேர்ந்த, செதுக்கு வேலைப்பாடு கொண்ட ஓக் துண்டு ஒன்று இருக்கிறது. 1912-இல் கடலில் மிதந்தபோது எடுத்து வந்தது. அதைப் பார்த்துத்தான் படத்துக்கான பலகையைச் செய்தார்கள். ஆக, கால் நூற்றாண்டாக நாம் ‘கதவு, கதவு’ என்று அடித்துக்கொள்வது கதவே அல்ல, கதவுக்கு மேலே இருந்த அலங்காரச் சட்டம்.

இப்போது சோதனைகளுக்கு வருகிறேன். 2012-இல் ‘மித்பஸ்டர்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் இதைச் செய்து பார்த்தார்கள். ரோஸின் மிதவைச் சட்டையைக் கழற்றிப் பலகைக்கு அடியில் கட்டினால் இருவரையும் தாங்கும் என்று காட்டினார்கள். அதே நிகழ்ச்சியில் தோன்றிய இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன், திரைக்கதைப்படி ஜாக் சாக வேண்டும், பலகையைக் கொஞ்சம் சிறிதாகச் செய்திருக்கலாமோ என்னவோ, எப்படியும் அவன் போய்த்தான் ஆக வேண்டும் என்கிற ரீதியில் பேசிவிட்டுப் போனார். 2017-இல் ஒரு பேட்டியில் இன்னும் வெட்டென்று சொன்னார்: திரைக்கதையின் 147-ஆம் பக்கத்தில் ஜாக் இறக்கிறான் என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். படைப்பாளி சொல்லக்கூடிய மிக நேர்மையான பதில் அதுதான் என்பேன். ரசிகர்களுக்குத் திருப்தி தராத பதிலும் அதுவேதான்.

ரோஸாக நடித்த கேட் வின்ஸ்லெட்டே இரண்டு பதில் சொல்லியிருக்கிறார். 2016-இல், அவனுக்கும் இடம் இருந்திருக்கும் என்று ஒப்புக்கொண்டார். 2022-இல், இருவர் ஏறியிருந்தால் அது மிதந்திருக்காது என்றார். ஜாக்காக நடித்த டிகாப்ரியோவைக் கேட்டால் வாயே திறப்பதில்லை. மூவரில் புத்திசாலி அவர்தான்.

மிதவைச் சட்டை யோசனை காகிதத்தில் நன்றாக இருக்கிறது. அன்றைய கடல்நீரின் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி. குளிர்நீரில் விழுந்தவர்களைப் பற்றி மீட்புத் துறையினர் ஒன்று, பத்து, ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது. அடுத்த பத்து நிமிடங்களுக்குத்தான் கைகால் சொன்னபடி கேட்கும். அதன்பின் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும். அந்தப் பத்து நிமிடங்களுக்குள் இருட்டில் முக்குளித்து, விரல் மரத்த நிலையில், பலகைக்கு அடியில் முடிச்சுப் போட வேண்டும். மேலே வருவதற்குள் ஆளே போய்விடுவான் என்று கேமரூன் மறுத்ததில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் மனிதருக்கு உறுத்தல் போகவில்லை. 2023-இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்துக்காக, குளிர்நீர் ஆய்வாளர்களை வைத்துக்கொண்டு, இரண்டு ஸ்டண்ட் கலைஞர்களைப் பலகையோடு தண்ணீரில் இறக்கி நான்கு விதமாகச் சோதித்தார். இருவரும் மேலே ஏறி உடல் நனைந்தே கிடந்தால் பயனில்லை. மார்புக்கு மேல் வெளியே இருக்கும்படி சமாளித்து, ரோஸ் தன் மிதவைச் சட்டையையும் அவனுக்குக் கொடுத்திருந்தால், படகு வரும்வரை ஜாக் தாங்கியிருக்கலாம் என்று முடிவு வந்தது. ‘கேமரூனே ஒப்புக்கொண்டுவிட்டார்’ என்று கொண்டாடியவர்கள் அவர் கூடவே சொன்னதை விட்டுவிட்டார்கள்: ரோஸுக்கு ஆபத்து வரக்கூடிய எதையும் ஜாக் செய்திருக்க மாட்டான்.

என் அக்கா மகளோடு எனக்கு வாக்குவாதம் வந்ததும் இந்த இடத்தில்தான். கல்லூரியில் படிக்கிறாள், படத்தைக் கைப்பேசியில் பார்த்தவள். “இடத்தையும் எடையையும் விடுங்கள் சித்தி. சீட்டாட்டத்தில் டிக்கெட் ஜெயித்துக் கப்பலேறியவன், படம் முழுக்க எதையும் விட்டுக்கொடுக்காதவன், இங்கே மட்டும் ஒரே ஒரு தடவை முயன்றுவிட்டு ஓய்கிறானே, அது அவன் குணமா?” என்றாள். இந்த விவகாரத்தில் நான் கேட்ட ஒரே உருப்படியான ஆட்சேபம் இது.

அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஜாக் விடாப்பிடிக்காரன்தான், ஆனால் கண்மூடித்தனமானவன் அல்ல. கப்பல் செங்குத்தாக நிற்கும்போது பின்முனைக் கம்பிக்கு வெளிப்பக்கம் அவளை ஏற்றிக்கொள்வது, எப்போது மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது, எல்லாமே அளந்து செய்கிற காரியங்கள். அவர்கள் முதன்முதலில் சந்திக்கும் காட்சியையும் நினைத்துப் பாருங்கள். ரோஸ் கடலில் குதிக்கப் போகிறாள். அவன் அவளிடம் பேசுவது அந்தத் தண்ணீரின் குளிரைப் பற்றி. சிறுவயதில் உறைந்த ஏரியில் பனி உடைந்து உள்ளே விழுந்ததையும், உடம்பெங்கும் ஆயிரம் கத்திகள் குத்துவது போலிருந்ததையும் விவரிக்கிறான். அந்தக் குளிர் என்ன செய்யும் என்று அனுபவத்தில் தெரிந்தவன் அவன். முதல் முயற்சிக்கு விலை கொடுத்தவள் ரோஸ், மறுபடி முழுக்க நனைந்தாள். இரண்டாம் முயற்சிக்கும் விலை அவளிடமிருந்துதான் போகும். அது தெரிந்ததால் நிறுத்தினான். இதைச் சோர்வு என்று படிப்பவர்கள் முதல் காட்சியை மறந்துவிட்டுக் கடைசிக் காட்சியை மட்டும் பார்க்கிறார்கள்.

அக்கா மகள் விடவில்லை. அப்படியென்றால் குற்றவாளி ரோஸ்தான் என்றாள். இறங்கிக்கொண்டிருந்த உயிர்காப்புப் படகிலிருந்து திரும்பக் கப்பலுக்குத் தாவாமல் இருந்திருந்தால், அந்தப் பலகை ஜாக் ஒருவனுக்கே கிடைத்திருக்கும், இருவரும் பிழைத்திருப்பார்கள். தர்க்கப்படி சரி. ஆனால் அவள் தாவவில்லை என்றால் அவன் அந்தப் பலகை மிதந்த இடத்துக்கே போயிருக்க மாட்டான். கதையில் ஒரு நூலை உருவிவிட்டு மற்ற நூல்கள் அப்படியே நிற்கும் என்று வாதாடக் கூடாது. ‘விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் கையை விடுகிறாளே’ என்கிற கேலிக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. அவன் வாங்கிய வாக்குறுதி உயிரைப் பற்றியது. பிணத்தின் கையைப் பற்றியதல்ல.

ஏரியைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. ஜாக் குறிப்பிடும் விஸ்கான்சின் மாநிலத்து விசோட்டா ஏரி, அணை கட்டியதால் உண்டான ஏரி. கட்டியதே கப்பல் மூழ்கிய சில ஆண்டுகளுக்குப் பிறகு. இதைக் கண்டுபிடித்த ரசிகர்கள் சிலர், ஜாக் எதிர்காலத்திலிருந்து வந்தவன் என்றே ஒரு கொள்கையை நிறுவிவிட்டார்கள். நல்ல வேளையாக இதற்கு யாரும் ஆவணப்படம் எடுக்கவில்லை. வானத்தில் நட்சத்திரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் குறை சொன்னபோது மட்டும் கேமரூன் இறங்கி வந்தார். 2012-இல் முப்பரிமாணத்தில் மறுவெளியீடு செய்தபோது அந்த இரவு வானத்தைத் திருத்திவிட்டார். நட்சத்திரத்தை நகர்த்தினாலும் கதை நகராது, பலகையின் கதை அப்படியல்ல.

எனக்கு இந்த விவாதத்தில் உண்மையான மனத்தாங்கல் ஒன்று உண்டு, அது ஜாக்கைப் பற்றியது அல்ல. அந்த இரவில் உண்மையிலேயே மிதக்கும் மரத்தில் கிடந்து பிழைத்த ஒருவர் இருந்தார். பெயர் ஃபாங் லாங். மூன்றாம் வகுப்பில் பயணம் செய்த சீன மாலுமிகள் எட்டுப் பேரில் ஒருவர். எட்டில் ஆறு பேர் பிழைத்தார்கள். கப்பலின் அதிகாரி ஹெரால்டு லோ, ஓலம் அடங்கும்வரை காத்திருந்து தன் படகைத் திருப்பிக்கொண்டு வந்தபோது, ஒரு மரத்துண்டில் தன்னைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்த ஒருவரைக் கண்டார். அந்தப் படகில் இருந்த ஒரு பெண்மணி அதே ஆண்டு எழுதிய நினைவுக் குறிப்பு சுருக்கென்று தைக்கும். இவனைக் காப்பாற்றுவதைவிட வேறு யாரையாவது காப்பாற்றலாமே என்று லோ முதலில் தயங்கினாராம். தூக்கிப்போட்டுக் கைகால்களைத் தேய்த்துவிட்டதும் அந்த மனிதர் எழுந்து, களைத்துப்போயிருந்த ஒருவரிடமிருந்து துடுப்பை வாங்கி, கரை சேர்க்கிற வேகத்தில் வலித்தாராம். தான் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன் என்று லோ வாய்விட்டுச் சொன்னாராம். நியூயார்க்கில் இறங்கிய மற்றவர்களுக்கு உணவும் போர்வையும் கிடைத்தன. அந்த ஆறு பேரை, சீனர்களைத் தடுக்கும் சட்டத்தைக் காட்டி, கரையில் தங்கவிடாமல் மறுநாளே வேறொரு கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள்.

கேமரூனுக்கு இது தெரியும். மரத்துண்டில் கிடக்கும் சீனரை லோவின் படகு மீட்கும் காட்சியை எடுத்தும் இருக்கிறார், திரைக்கு வந்த படத்தில் அது இல்லை. 2021-இல் அந்த ஆறு பேரைப் பற்றி வந்த ஆவணப்படத்துக்கு அவரே நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்தார். வெட்டிய காரணம் என்னவாக இருந்தாலும், அந்தக் காட்சி படத்தில் இருந்திருந்தால் ஜாக் மூழ்கிய சில நிமிடங்களில், அதே கடலில், அதேபோன்ற ஒரு மரத்தில் ஒருவர் உயிரோடு எழுந்து உட்காருவதைப் பார்த்திருப்போம். நீங்கள் இப்போது கேட்டிருக்கும் கேள்வியை 1997-லேயே திரையரங்கை விட்டு வெளியே வருவதற்குள் கேட்டிருப்பார்கள். நீக்கப்பட்ட காட்சிகளில் அது கிடைக்கிறது, பாருங்கள். பார்த்துவிட்டு மரத்தின் அகலத்தை அளக்க வேண்டாம். அவர் ஒருவர்தான் அதில் இருந்தார்.